பின்கட்டையை வாங்கிக்கொள்ள ஆளில்லை

வெர்னா ஹால்வர்சனுக்கு வாழ்நாளில் குலுக்கலில் விழுந்த பரிசு ஒன்றே ஒன்றுதான். பிற்பாடு அது குற்றமாகிவிட்டது.

ஹால்டன் ஏரி என்ற ஊரில் தீயணைப்பு நிலையத்துக்கு நிதி சேர்க்க ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் குலுக்கல் நடக்கும். அந்த வருடம் முதல் பரிசு ஒரு துப்பாக்கி. இரண்டாம் பரிசு பாதிப் பன்றி, வெட்டி உறையவைத்து, பொட்டலம் கட்டி. மூன்றாம் பரிசு ஒரு பம்ப் ஸ்டாக். வெர்னா பன்றிக்கு ஆசைப்பட்டுத்தான் சீட்டு வாங்கினாள். மேடையில் நின்று சீட்டெடுத்த, ஊர் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த போலீஸ் தலைவர் ஷெரிஃப் கர்ட் போல்ஸ்டாட் அவள் பெயரை மூன்றாவதாகப் படித்தார். ஊரே கைதட்டியது. வெர்னா மேடையேறி, கறுப்பு பிளாஸ்டிக்கில் வாத்துக் கழுத்துபோல வளைந்த ஒரு பொருளை வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, "இதை எதுல மாட்டணும்?" என்று புருஷனைக் கேட்டாள்.

துப்பாக்கியின் பின்னால் மாட்டவேண்டிய கட்டை அது. மாட்டினால் துப்பாக்கி உதைக்கிற உதையே விசையை விரலில் வந்து மோதவைத்து, குண்டுகளைச் சரமாரியாகப் பொழியவைக்கும். ஹால்வர்சன் வீட்டில் துப்பாக்கி கிடையாது. ஆர்விட் ஹால்வர்சன் ஓய்வுபெறும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். வேட்டைக்குப் போகாத ஆண்பிள்ளை என்று ஊரில் அவரை ஒரு மாதிரி பார்ப்பார்கள், அவ்வளவுதான். பின்கட்டை படுக்கையறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று.

சில வருடங்கள் கழித்து, தெற்கே வேறொரு மாநிலத்தில், ஒரு திருவிழாக் கூட்டத்தில் ஒருவன் அந்தக் கட்டையை மாட்டிய துப்பாக்கியோடு புகுந்தான். வெர்னா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். சுவரில் தொங்கிய தொலைக்காட்சியில் செத்தவர்களின் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அதை நிறுத்தச் சொல்லவில்லை. கடைசிவரை பார்த்தாள். பிறகு இந்த மாநிலத்திலும் அந்தக் கட்டையைத் தடைசெய்யச் சட்டம் கொண்டுவரப்போகிறார்கள் என்று சொன்னார்கள்.

"நம்ம வீட்டுல ஒண்ணு இருக்கு, ஆர்விட்," என்றாள். "போர்வைக்குப் பின்னால. மறக்காம கொடுத்துடு. அது இருக்கற வீட்டுல நான் இருந்தேன்னு நினைக்கவே பிடிக்கல."

"கொடுத்துடறேன்," என்றார் ஆர்விட்.

மார்ச்சில் அவள் போனாள். அதன்பிறகு ஆர்விட்டுக்கு எதுவும் உறைக்கவில்லை. சர்ச்சிலிருந்து பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் நூடுல்ஸும் மாட்டிறைச்சியும் கலந்து வேகவைத்துக் கொண்டுவந்தார்கள். நன்றி சொல்லி வாங்கி உறைபெட்டியில் அடுக்கினார். ஏரியில் பனி உருகியது, மீன் பிடிக்கிறவர்கள் வந்தார்கள், கொசு வந்தது. எல்லாம் பக்கத்து வீட்டில் நடப்பதுபோல நடந்தது. ஜூலையில் சட்டம் அமலுக்கு வந்ததாக வானொலியில் கேட்டதும்தான் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். கட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வானொலியில் சொன்ன எண்ணுக்குப் போன் செய்தார்.

"இணைப்புப் பொருள் இணக்க அலுவலகம், ட்ரூடி பேசறேன். இந்த உரையாடல் பதிவாகுது."

"எங்கிட்ட ஒரு பம்ப் ஸ்டாக் இருக்கும்மா. கொடுத்துடணும்."

"இருக்குன்னு சொன்னீங்களா, இருந்துச்சுன்னு சொன்னீங்களா?"

"இருக்கு. மடியிலதான் வெச்சிருக்கேன்."

"சார், அதை வெச்சிருக்கறது குற்றம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் கடமை."

"அதனாலதானே கொடுக்கணும்கிறேன்."

"கொடுக்கணும்னா ஷெரிஃப் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகணும். எடுத்துட்டுப் போறது தனிக் குற்றம். அதுக்கு முன்கூட்டியே அனுமதி வாங்கணும். அனுமதி உரிமையாளர் பேருக்குத்தான். நீங்கதான் உரிமையாளரா?"

"இல்ல. என் மனைவி. அவளுக்குப் பரிசா விழுந்தது."

"அப்போ அவங்களைப் பேசச் சொல்லுங்க."

"அவ மார்ச்சுல போய்ட்டா."

"எப்போ திரும்பி வருவாங்க?"

ஆர்விட் யோசித்தார். அந்தக் கேள்வியை அவரும் சில காலைகளில் கேட்டுக்கொண்டதுண்டு. "வரமாட்டா," என்றார்.

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. "மன்னிச்சுக்கங்க," என்றாள் ட்ரூடி. "அதுக்கும் விதி இருக்கு. படிக்கிறேன். உரிமையாளர் இறந்துபோன பட்சத்தில், உரிமையாளர் நேரில் வந்து..." அங்கே நிறுத்தினாள். "இந்த வரியைப் பின்னால திருத்துவாங்கன்னு நினைக்கிறேன்."

"நானே அறுத்துக் குப்பையில போட்டுடறேனே."

"கூடாது சார். அங்கீகாரம் பெற்ற அழிப்பாளர்தான் அழிக்கணும்."

"அவர் எந்த ஊர்ல இருக்கார்?"

"இன்னும் யாரும் இல்ல. அங்கீகாரத்துக்கு ஒரு பரீட்சை, அதுல ஒரு பின்கட்டையை அழிச்சுக் காட்டணும். பரீட்சை நடத்தறதுக்குப் பின்கட்டை கிடைக்கல. யார்கிட்டயும் இருக்கக்கூடாதே."

"எங்கிட்ட இருக்கு."

"சார், இதையே திரும்பத் திரும்பச் சொல்லாதீங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "எல்லாம் பதிவாகுது."

ஆர்விட் கட்டையை ஒரு உருளைக்கிழங்குச் சாக்கில் சுற்றி வண்டியில் வைத்துக்கொண்டு ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனார். அது தனிக் குற்றம் என்று தெரிந்துதான் போனார். பயமாக இருக்குமோ என்று எதிர்பார்த்தார். இல்லை. பல் பிடுங்கப்போகும்போது மரத்துப்போன வாய்போல மனசு கிடந்தது.

கர்ட் போல்ஸ்டாட் சின்ன வயதில் ஆர்விட் ஓட்டிய பஸ்ஸில் போனவர். வளைவுகளில் வாந்தியெடுப்பார். அந்தப் பழக்கத்தில் இன்றும் அவரை மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"மிஸ்டர் ஹால்வர்சன், உள்ளே வாங்க. என்ன சாக்கு?"

ஆர்விட் சாக்கைப் பிரித்தார். கர்ட் நாற்காலியோடு பின்னால் நகர்ந்து, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அதைப் பார்க்கல," என்றார். "தேர்தல்ல ஜனங்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். இந்தச் சட்டத்தை என் மாவட்டத்துல நடத்தமாட்டேன். எந்தக் குடிமகன்கிட்ட இருந்தும் ஒரு திருகாணியைக்கூடப் பறிக்கமாட்டேன்."

"பறிக்க வேண்டாம், கர்ட். நானே தரேன்."

"அப்படித்தான் ஆரம்பிக்கும். முதல்ல தானா கொடுப்பாங்க. வாங்கி வாங்கி எனக்குப் பழகிடும். அப்புறம் நான் பறிக்க ஆரம்பிச்சுடுவேன். என்னைப்பத்தி எனக்குத் தெரியும்."

"வெர்னா கொடுக்கச் சொன்னா."

"வெர்னா நல்ல மனுஷி. அவங்க உரிமையைக் காப்பாத்த நான் உயிரைக் கொடுப்பேன். இந்தக் கட்டையை உங்ககிட்ட இருந்து எடுக்க எவனாவது வந்தா, என்னைத் தாண்டித்தான் போகணும்."

"எடுக்கச் சொல்லித்தான் வந்திருக்கேன், கர்ட்."

"அதான் பாருங்க, உங்களையே மாத்திட்டாங்க," என்று வருத்தப்பட்டார் ஷெரிஃப். வாசல்வரை வந்து வழியனுப்பினார். சாக்கை மட்டும் தொடவில்லை.

ஆகஸ்ட் மாதத்தில் ட்ரூடியே கூப்பிட்டாள். நல்ல செய்தி என்றாள். மாநிலம் முழுக்க ஒப்படைப்பு நாள் அறிவித்திருக்கிறார்கள், ஹால்டன் ஏரி உயர்நிலைப் பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில் தொடக்க விழா, இணக்க அலுவலகத்தின் ஆணையரே வருகிறார். அன்று ஒருநாள் எடுத்துவருவதற்கு மன்னிப்பு உண்டு. யார் பேரில் இருந்தாலும் வாங்கிக்கொள்வார்கள்.

ஆர்விட் சவ அடக்கத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

கூடத்தில் இருநூறு மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். முன்வரிசையில் இணக்க அலுவலகத்தின் ஊழியர்கள், தலைநகரிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள், உட்கார்ந்திருந்தார்கள். கூடைக்குக் கீழே நீலத்துணி விரித்த மேஜை. ஒப்படைக்க வந்திருந்தவர் ஆர்விட் ஒருவர்தான். பின்வரிசையில் உட்காரப் போனவரை ஒரு பெண் கைப்பிடித்து அழைத்து வந்து மேடைக்கு ஓரமாக நிறுத்தினாள். "நான்தான் ட்ரூடி," என்று கிசுகிசுத்தாள். போனில் கேட்ட குரலைவிட ஆள் வயதானவளாக இருந்தாள். குளிரூட்டிக்குப் பயந்து சால்வை போர்த்தியிருந்தாள்.

ஆணையர் மெரிடித் காஃப் பேச எழுந்தார்.

"இந்த மாநிலத்தில் இத்தகைய பொருட்கள் எத்தனை இருக்கின்றன என்று எங்களுக்குத் தெரியாது," என்று தொடங்கினார். "தெரியாமலேயே அவற்றை ஒழிக்கும் துணிச்சல் எங்களுக்கு இருந்தது. முதலில் ஒரு அலுவலகம் அமைத்தோம். அலுவலகத்துக்கு ஊழியர்களை அமர்த்தினோம். ஊழியர்களுக்குப் பயிற்சி தந்தோம். பயிற்சி முடிந்ததும், நமக்குக் குறையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். பின்கட்டை. அதோ, அந்தக் குறையைத் தீர்க்க ஒரு எளிய மனிதர் சாக்கோடு நிற்கிறார். திரு ஹால்வர்சன், உங்களைப் போன்ற குற்றவாளிகள் இல்லையென்றால் எங்களைப் போன்றவர்களால் என்ன செய்துவிட முடியும்?"

ஊழியர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆர்விட்டும் சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு தட்டினார். எல்லோரும் தட்டும்போது சும்மா நிற்பது மரியாதையில்லை என்று பட்டது.

கட்டையை மேஜைமேல் வைத்தார். புகைப்படம் எடுத்தார்கள். ஆணையர் கைகுலுக்கினார். கையை விட்டதும் மாநிலப் போலீஸ்காரர் ஒருவர் முன்னால் வந்து, ஆர்விட்டைக் கைது செய்வதாகச் சொல்லி, அவருடைய உரிமைகளைப் படித்துக் காட்டினார்.

"மன்னிப்பு உண்டுன்னாங்களே," என்றார் ஆர்விட்.

"எடுத்துட்டு வந்ததுக்கு மன்னிப்பு, சார். ஜூலையிலேருந்து வெச்சிருந்ததுக்கு இல்ல. ரெண்டும் வேற வேற பிரிவு."

"வெச்சிருக்காம எப்படி எடுத்துட்டு வர்றது?"

போலீஸ்காரர் இளவயதுக்காரர். நியாயமான கேள்வி என்பதுபோலத் தலையாட்டினார். "இதுவரைக்கும் யாரும் கொண்டு வரலையா, அதனால கேட்டுப் பார்க்கல," என்றார்.

பக்கத்திலிருந்த சிறை ஷெரிஃபினுடையதுதான். கர்ட் போல்ஸ்டாட் அதன் வாசலில் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். இந்தச் சட்டத்துக்கு என் சிறையில் ஒரு கட்டில்கூடக் கிடையாது என்றார். போலீஸ்காரருக்கு ஊர் திரும்ப நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் ஷெரிஃபே ஆர்விட்டை வீட்டில் கொண்டுவிட்டார். வழியெல்லாம், "நீங்க இந்த மாநிலத்தோட மனசாட்சி, மிஸ்டர் ஹால்வர்சன்," என்று சொல்லிக்கொண்டு வந்தார். ஆர்விட் ஜன்னல் வழியாகச் சோளக்கொல்லையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெர்னாவுக்குக் கொடுத்த வாக்கு முடிந்துவிட்டது என்று நினைத்தார். நினைத்தால் ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தார். தோன்றவில்லை.

வாக்கு முடியவும் இல்லை. வழக்கு விசாரணைக்கு வந்தபோது போலீஸார் பின்கட்டையைச் சாட்சியப் பொருளாகக் கொண்டுவந்து நீதிமன்ற எழுத்தரிடம் நீட்டினார்கள். எழுத்தர் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சட்டத்தில் போலீசுக்கும் ராணுவத்துக்கும் விலக்கு உண்டு. நீதிமன்றத்தை எழுத மறந்துவிட்டார்கள். வாங்கிய மறுகணம் அவளும் குற்றவாளி. போலீசோ, சாட்சியப் பொருள் நீதிமன்றத்துக்கு வந்தபிறகு அது தங்கள் பொறுப்பில்லை என்றது. கட்டை தடுப்புக் கம்பிமேல் கிடந்தது. எல்லோரும் அதிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்கள்.

நீதிபதி ஓல்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு உத்தரவு சொன்னார்.

"இந்த மன்றத்தில் இருப்பவர்களில், இந்தப் பொருளை வைத்திருந்ததாக ஏற்கெனவே குற்றம் சாட்டப்பட்டவர் ஒருவரே. அவர் அதை எடுத்துக்கொள்வதால் புதிதாக ஒரு குற்றவாளி உருவாகமாட்டார். குற்றங்களைப் பெருக்காமல் இருப்பது நீதியின் கடமை. ஆகவே வழக்கு முடியும்வரை பொருளைத் திரு ஹால்வர்சனே தன் வீட்டில் பத்திரமாக வைத்திருக்கவேண்டும். தொலைத்தாலோ, அழித்தாலோ, பிறருக்குக் கொடுத்தாலோ சிறை."

"வெச்சிருந்தா?" என்று கேட்டார் ஆர்விட்.

"அது வழக்கில் இருக்கும் விஷயம்," என்றார் நீதிபதி. "அதைப்பற்றி இப்போது நான் வாய்திறப்பது முறையாகாது."

பொருள் பத்திரமாக இருக்கிறதா என்று மாதாமாதம் பார்த்துவர இணக்க அலுவலகத்துக்கு உத்தரவாயிற்று. ட்ரூடி வந்தாள்.

முதல்முறை வந்தபோது வாசலிலேயே நின்று, "பொருள் இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றார். எட்டிப்பார்த்தாள். "நல்லது. குற்றம் தொடருதுன்னு எழுதிக்கிறேன்," என்றாள். எழுதிக்கொண்டு போய்விட்டாள். அடுத்தமுறை பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து காப்பி குடித்தாள். தலைநகரிலிருந்து வண்டியோட்டி வந்தவள் பசியோடு இருப்பாள் என்று தோன்றி, ஆர்விட் உறைபெட்டியிலிருந்து ஒரு பாத்திரத்தை எடுத்துச் சூடாக்கிப் பரிமாறினார். ஒரு வாய் எடுத்ததும் கரண்டியை வைத்துவிட்டாள்.

"இதுல உப்பே இல்லையே."

"அப்படியா?"

"எத்தனை நாளா இதைச் சாப்பிடறீங்க?"

"வசந்தத்திலேருந்து."

"ஒருதடவைகூடத் தெரியலையா?"

ஆர்விட் எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்றார். நெடுநேரம் மென்றார். "ஆமா," என்றார். "இல்லதான்." எழுந்துபோய் உப்புக் குப்பியை எடுத்துவந்து வைத்தார்.

அதற்கப்புறம் அவள் வருவதற்கு முந்தின நாள் அவர் பேக்கரிக்குப் போகத் தொடங்கினார். இலவங்கப்பட்டை ரொட்டி வாங்கிவருவார். ட்ரூடி பின்கட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டு, உட்கார்ந்து அலுவலகக் கதைகள் சொல்வாள். இந்த மாநிலத்தில் அவர்கள் கையிலிருக்கும் ஒரே வழக்கு ஆர்விட்டுடையதுதானாம். சட்டசபையில் அலுவலகத்தை மூடலாமா என்று பேச்சு வந்தபோது, ஆணையர் எழுந்து, குற்றம் இன்னும் தொடர்கிறது, எங்கள் ஊழியரே மாதாமாதம் கண்ணால் பார்க்கிறார் என்று சொல்லி, மேலும் ஒரு மாடி வாங்கிவிட்டாராம்.

"உங்களுக்குக் கோபமே வரலையா, மிஸ்டர் ஹால்வர்சன்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வரணும்தான்," என்றார் ஆர்விட். "வர்ற வழி தெரியலபோல. இன்னொரு ரொட்டி எடுத்துக்கங்க."

"இதை வெச்சுக்கிட்டுத் தூக்கம் வருதா?"

"வெர்னாவுக்குப் பிடிக்காதது, அது ஒண்ணுதான். மத்தபடி அது பாட்டுக்குக் கிடக்கு, நான் பாட்டுக்குக் கிடக்கேன்."

இரண்டாவது வசந்தத்தில் மேல்கோர்ட் சட்டத்தை ரத்து செய்தது. கட்டை நல்லதா கெட்டதா என்ற பேச்சுக்கே நீதிபதிகள் போகவில்லை. சட்டத்தின் தலைப்பில் துப்பாக்கி என்ற சொல் விட்டுப்போயிருந்ததாம். அது இல்லாமல் வெறும் கட்டை என்று படித்தால் மாநிலத்தில் இருக்கும் தச்சர்கள் அத்தனைபேரும் குற்றவாளிகள். கர்ட் போல்ஸ்டாட் தீயணைப்பு நிலையத்தில் வெற்றி விழா நடத்தினார். ஆணையர் காஃப், சட்டம் தன் நோக்கத்தை நிறைவேற்றிவிட்டதால் ஓய்வெடுக்கிறது என்று பேட்டி கொடுத்துவிட்டு, இன்னும் பெரிய துறைக்கு மாறிப்போனார். திருவிழாவில் செத்தவர்களைப்பற்றி இரண்டு பேருமே எதுவும் சொல்லவில்லை. ஆர்விட் மறுநாள் செய்தித்தாளிலும் தேடிப்பார்த்தார்.

ட்ரூடி கடைசியாக ஒருமுறை வந்தாள். வழக்கு முடிந்தது என்று சொன்னாள்.

"அப்போ இதை நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க," என்று கட்டையை நீட்டினார் ஆர்விட்.

"இப்போ அது உங்க சொத்து, மிஸ்டர் ஹால்வர்சன். நான் எடுத்தா திருட்டு."

"அறுத்தா?"

ட்ரூடி யோசித்தாள். வழக்கமாக விதிகளை நினைவுபடுத்திக்கொள்ளும்போது மேலே பார்ப்பாள். மேலே பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லைபோல. "அறுங்களேன்," என்றாள்.

கேரேஜுக்குப் போனார்கள். ட்ரூடி சால்வையை முடிச்சுப்போட்டுக்கொண்டு கட்டையின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஆர்விட் கைரம்பத்தால் அறுத்தார். பிளாஸ்டிக் வெண்ணெய்போல அறுபட்டது. அடுப்பில் வைத்துவந்த காப்பி கொதிப்பதற்குள் நான்கு துண்டாகிவிட்டது. துண்டுகளைக் குப்பைத் தொட்டியில் போட்டு மூடினார். "முடிஞ்சுதும்மா," என்றார். ட்ரூடியிடம் சொன்னதா என்று தெரியவில்லை. தொட்டி மூடியிலிருந்து கையை எடுக்கக் கொஞ்சம் நேரமாயிற்று. ட்ரூடி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காப்பி குடித்தார்கள். கார்வரை கூடப் போனார்.

"அடுத்த மாசம்?" என்று கேட்டார்.

"அடுத்த மாசம் எதுக்கு வரணும்? நீங்க ஒரு தப்பும் பண்ணலையே."

"ஆமா," என்றார் ஆர்விட். கார்க் கதவின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "வேற ஏதாவது தடை பண்ணப்போறாங்களா?"

"ஜனவரியிலதான் சட்டசபை கூடுது."

"என்னன்னு முன்கூட்டியே தெரிஞ்சா ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒண்ணு வாங்கி வெச்சுக்கிறேன்."

ட்ரூடி சிரிக்கவில்லை. "அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல," என்றாள். காரைக் கிளப்பி, தெருமுனைவரை போய், நிறுத்தி, அப்படியே பின்னாலேயே ஓட்டிவந்து கண்ணாடியை இறக்கினாள்.

"பெட்ரோல் போட்டு இலை ஊதித் தள்ற மெஷின்னு பேசிக்கிறாங்க," என்றாள்.

மறுநாள் காலை ஆர்விட் கடைத்தெருவுக்குப் போய் அதில் ஒன்று வாங்கிவந்தார். அவர் வீட்டைச் சுற்றி ஒரு மரம்கூடக் கிடையாது.